பேக்கரியைப் பெரிதாக்க மறுப்பது பொறுப்பற்ற முடிவா?

போறணைக்காரன் (ஹப்புத்தளை)

அனைவருக்கும் வணக்கம். ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு சிறிய பேக்கரியை நடத்தி வருகிறேன். அப்பா கட்டிய விறகுப் போறணைதான் இன்றும் எரிகிறது. என்னையும் மனைவியையும் தவிர நான்கு பேர் வேலை செய்கிறார்கள். விடியற்காலையில் பாண், அதன் பிறகு பணிஸ், பின்னேரத்தில் மீன் வைத்த மாலுபாண் என்று சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சந்தியிலுள்ள தேநீர்க் கடைகளுக்கும் கொடுக்கிறோம். கடன் இல்லை, மிச்சமும் பெரிதாக இல்லை, குடும்பம் தடையில்லாமல் நடக்கிறது.

இப்போது கொழும்பிலிருந்து ஒரு விநியோக நிறுவனம் எங்களைத் தேடி வந்திருக்கிறது. எல்லவிலும் பண்டாரவளையிலும் பெருகிவிட்ட சுற்றுலா விடுதிகளுக்கும் சில சுப்பர் மார்க்கெட்டுகளுக்கும் எங்கள் பெயரிலேயே பாணும் கேக்கும் வழங்கலாம் என்கிறார்கள். விற்பனை ஐந்து மடங்காகும் என்பது அவர்களுடைய கணக்கு. அதற்கு மின்சாரப் போறணையும் பாண் வெட்டும் இயந்திரமும் வாங்க வேண்டும். பொதி செய்த பாண் ஐந்து நாள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க வேண்டும். இரவு முழுவதும் ஆள் மாற்றி வேலை நடக்க வேண்டும். விற்காமல் போனதை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் 60 நாள் கழித்துக் காசோலையாக வரும். இதற்கெல்லாம் முதல் போடுவதென்றால் வீட்டுக் காணியின் உறுதியை வங்கியில் ஈடு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுத்துவிடலாம் என்றே மனம் சொல்கிறது. எங்கள் கடைக்குச் சில வழக்கங்கள் உண்டு. அன்று சுட்ட பாணை அன்றே விற்போம். சிகரெட் விற்பதில்லை. இரவு எட்டு மணிக்குக் கதவு சாத்தப்படும், ஞாயிறு பிற்பகல் எல்லோருக்கும் ஓய்வு. தோட்டத்துக் குடும்பங்கள் பத்தாம் திகதி சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதி வாங்கலாம், அதற்கு வட்டியில்லை. பாணில் பூஞ்சணம் வராமல் தடுக்கச் சேர்க்கும் கல்சியம் புரொப்பியனேற் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள்தான், அதை நஞ்சென்று நான் சொல்லவில்லை. ஆனால் காலையில் சுட்டதை மாலைக்குள் முடிக்கும் தொழிலை ஐந்து நாள் இறாக்கையில் நிற்கும் தொழிலாக மாற்றினால் நான் செய்வது வேறு வேலையாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் மச்சான் இதைக் கடுமையாக எதிர்க்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கும்போது வாசலுக்கு வந்ததைத் திருப்பி அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்பது அவருடைய வாதம். அவர் என் குடும்பத்தின் நன்மையை நினைத்தே பேசுகிறார் என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. தொழில் செய்பவர்களும் தொழிலாளர்களாக இருப்பவர்களும் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கணக்கேடு (ஹட்டன்)

வணக்கம் தம்பி. வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொள்கையைப் பிறகு பேசுவோம், முதலில் இந்த ஒப்பந்தத்தைப் பார்ப்போம்.

60 நாள் கழித்துப் பணம் வருமென்றால் இரண்டு மாதத்துக்கான கோதுமை மா, மாஜரின், ஈஸ்ட், சம்பளம், மின்கட்டணம் அனைத்தையும் நீங்கள் முன்னதாகவே போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உண்மையில் அந்த நிறுவனத்துக்கு நீங்கள்தான் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். அந்தக் கடனைக் கொடுப்பதற்காக நீங்கள் வங்கியில் வட்டிக்கு வாங்குகிறீர்கள். விற்காத பாணும் உங்கள் தலையிலேயே விழும். ஐந்து மடங்கு விற்பனை என்ற பேச்சில் இந்த இரண்டும் மறைந்துபோகின்றன.

2022ஆம் ஆண்டு என் கண்ணெதிரே நடந்ததை மறக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஆண்டு முடிவதற்குள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி கூட 25 சதவீதத்தைத் தாண்டியது. கொழும்பின் பணவீக்கம் செப்டெம்பரில் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்தது. நல்ல காலத்தில் கணக்குப் போட்டு, மாறும் வட்டியில் கடன் எடுத்து, கட்டடமும் இயந்திரமும் சேர்த்தவர்கள், கெட்டிக்காரர்களாக இருந்தும் கடையை இழந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலத்தில் விடலாம் என்ற பராட்டே அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நிலைக்கே நாடு வந்தது. உங்கள் போறணை அந்த ஆண்டிலும் எரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், காரணம் அது விறகுப் போறணை, அதன்மேல் கடனும் இல்லை.

ஆனாலும் உங்கள் மச்சான் சொல்வதில் ஒரு பாதி சரியானது. விலைவாசி ஏறும்போது அதே அளவில் நிற்பவர் உண்மையில் சுருங்கிக்கொண்டே வருகிறார். போறணையின் செங்கல் ஒருநாள் விழும், கூரைத் தகரம் துருப்பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகச் செலவு வரும். இவற்றுக்கு மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறீர்களா? ஒதுக்க முடிகிறதென்றால் உங்கள் மறுப்பு ஒரு தெரிவு. முடியவில்லையென்றால் அதை மெல்லக் கரைந்துபோவது என்றுதான் நான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தெல்தோட்டை)

இந்தக் கேள்விக்கு ஹப்புத்தளையிலிருந்து ஒருவர் வந்திருப்பது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சிறு கடையைத் திறந்து, 1890இல் இலங்கைக்கு வந்து, உங்கள் ஊருக்கு மேலேயுள்ள தம்பேதென்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் இருக்கையைப் பார்க்கத்தான் இன்றும் மக்கள் அந்த மலைக்கு ஏறுகிறார்கள். இடைத்தரகரை நீக்கி, பொதி செய்து, மலிவாக விற்று, தன் பெயரை உலகம் முழுவதும் அச்சிட்டவர் அவர்.

எங்கள் பக்கம் லூல்கந்துரவில் வாழ்ந்த ஜேம்ஸ் டெய்லரின் கதை வேறு. 1852இல் இளைஞராக வந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிப் பார்த்துப் பழகினார். 1873இல் அவருடைய தேயிலையில் 23 இறாத்தல் இலண்டனுக்குப் போனது. 1869இலிருந்து பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, இந்த மலைநாட்டின் பொருளாதாரம் முழுவதும் அவர் செய்துகாட்டிய வேலையின்மேல் வந்து நின்றது. அவரோ அந்தத் தோட்டத்தை விட்டு நகரவில்லை, பெரும் சொத்தும் சேர்க்கவில்லை. லிப்டன் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 1892இல், தோட்ட நிர்வாகம் அவரை விலகச் சொன்னது, அவர் மறுத்தார், அந்த ஆண்டிலேயே நோயில் இறந்தார். தொழிலாளர்கள் அவருடைய உடலைக் கண்டிவரை தோளில் சுமந்து சென்றார்கள்.

வேலையின்மீது கொண்ட பற்றே ஒருவருடைய வாழ்நாளை நிரப்பப் போதுமானது என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று எனக்குத் தெரியாது. அதே வாழ்க்கையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தன் உழைப்பின் நிலத்துக்கு அவர் உரிமையாளராக இல்லை, ஆகவே கடைசியில் அவருடைய எளிமை அவரைக் காக்கவில்லை. தம்பி, உங்கள் காணி உறுதி உங்கள் கையில் இருக்கிறது. அதை ஈடு வைக்காமல் இருப்பதுதான் உங்கள் முடிவின் அத்திவாரம்.

லயத்து மகள் (தலவாக்கலை)

ஐயாவின் பதிவை மரியாதையுடன் படித்தேன், ஆனால் அதிலிருந்தே என் மறுப்பைத் தொடங்க வேண்டியிருக்கிறது. டெய்லர் எளிமையாக வாழ்ந்திருக்கலாம். அவரைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே? அவர்கள் பங்களாவில் எளிமையாக வாழவில்லை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தார்கள். லிப்டனுடைய பெருஞ்செல்வமும் டெய்லருடைய பற்றற்ற வாழ்வும் ஒரே கொழுந்துக் கூடையிலிருந்துதான் வந்தன.

நான் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக வந்தவள். மலையகத்தில் எளிமையைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு ஒரு கூச்சம் வருகிறது, ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அதை எங்களுக்காக மற்றவர்களே தெரிவு செய்தார்கள். 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது எளிமையை விரும்பியதால் அல்ல. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் எதையும் துறக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி அது 2021இல்தான் சட்டமாகக் கிடைத்தது. 2024இல் 1350 ஆனபோது அந்த ரூபாவின் பெறுமதி என்னவாகியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட மக்களிடம் போய், குறைவாக வாழ்வது உயர்ந்தது என்று யாராவது சொன்னால், அதைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்று நான் முதலில் பார்ப்பேன்.

போறணைக்காரன் அண்ணா, உங்களை நான் குற்றம் சாட்டவில்லை. உங்கள் வழக்கங்கள் நல்லவையே. ஆனால் உங்கள் எளிமையின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஐந்து மடங்கு சம்பாதிக்க மறுக்கும்போது குறைவது உங்கள் வருமானம் மட்டுமா, அந்த நான்கு பேருடைய வருமானமுமா? அவர்களுடைய ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதி கட்டப்படுகிறதா? உங்களிடம் வேலை செய்யும் ஓர் இளைஞர் பத்து வருடம் கழித்து ஒரு வீடு கட்டக்கூடியவராக இருப்பாரா? கடன் கொப்பிக்கு வட்டியில்லை என்பது மகிழ்ச்சி, ஆனால் கொப்பியில் பாக்கி இருக்கும் குடும்பம் வேறு கடைக்குப் போகத் தயங்கும் என்பதையும் நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

முதலாளி தன் மனநிறைவுக்காகச் சிறிதாக இருக்கிறார், தொழிலாளி வேறு வழியில்லாமல் சிறிதாக இருக்கிறார் என்றால், அந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க எனக்குச் சம்மதமில்லை.

புறக்கோட்டை வாசி

அக்கா எழுதியதை நான் அப்படியே ஏற்கிறேன். என் ஊர் பூனாகலைப் பக்கம். சாதாரண தரம் முடித்ததும் கொழும்புக்கு வந்து ஒரு மொத்த வியாபாரக் கடையில் நிற்கிறேன். ஊரிலேயே ஒரு கடையில் வேலை செய்தேன். அந்த முதலாளி நல்ல மனிதர், அன்பாகப் பேசுவார், ஆனால் கொடுத்த சம்பளத்தில் பஸ் செலவு போக வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே முதலாளி என் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. ஆனால் மாதம் முடிந்தால் அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடிகிறது. எங்களைப் போன்ற இளைஞர்கள் மலையை விட்டு இறங்குவது ஆசையால் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள சிறிய கடைகளால் எங்களைத் தாங்க முடியவில்லை என்பதே காரணம்.

வெலிமடை மரக்கறிக்காரர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, இருந்தாலும் லயத்து மகள் சொன்ன தெரிவு, திணிப்பு என்ற வேறுபாட்டை நிலத்தில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் போடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்பே இரசாயனப் பசளையையும் மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினேன், ஏனென்றால் எங்கள் பள்ளத்து நீரூற்றிலிருந்துதான் வீட்டுக்கும் தண்ணீர் எடுக்கிறோம். ஒரு பாத்தியில் மட்டும் சேதனப் பசளை, அது பழகியதும் அடுத்த பாத்தி என்று போனேன். விளைச்சல் குறைந்தது உண்மை. அதற்கேற்ப குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தை விட்டுவிட்டு, சொந்த நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கெப்பெட்டிப்பொலச் சந்தையில் என் மரக்கறிக்குத் தனி விலை கிடையாது. இலை கொஞ்சம் ஓட்டையாக இருந்தால் கழித்தே எடுப்பார்கள். ஆகவே பண்டாரவளையில் சில வீடுகளுக்கும் ஒரு விடுதிக்கும் நேரடியாகக் கொடுக்கிறேன்.

பிறகு 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. என்னைப் பார்த்து, நீங்கள் செய்ததைத்தானே நாடே செய்யப்போகிறது என்று சிலர் மகிழ்ந்தார்கள். நான் மகிழவில்லை. நான் பாத்தி பாத்தியாகப் பல பருவங்களில் செய்ததை, குத்தகைப் பணமும் விதைக் கடனும் தலைக்கு மேல் இருக்கும் அயலவர்கள் ஒரு போகத்தில் எப்படிச் செய்வார்கள்? மரக்கறியும் நெல்லும் தேயிலையும் அடிபட்டன, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நான் விரும்பி ஏற்றுக்கொண்ட அதே காரியம் அயலவர் வீட்டில் பட்டினியாக வந்தது. காரியம் ஒன்றுதான், அவர்களுக்குக் கால அவகாசமும் கையிருப்பும் இருக்கவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் முடிவை நீங்கள் எடுங்கள், ஆனால் அது உங்கள் வேலையாட்கள்மேல் தடைச் சட்டம் போல விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போறணைக்காரன் (ஹப்புத்தளை)

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

கணக்கேடு ஐயா, 2022இல் எரிவாயு இல்லாமல் எங்கள் பகுதியில் பல பேக்கரிகள் மூடிக்கிடந்தபோதும் எங்களால் சுட முடிந்தது. மா விலையேற்றத்தால் அளவைக் குறைத்துச் சுட்டோம், ஆனால் நிறுத்தவில்லை. பழுதுபார்ப்புக்கென்று ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை தனிக் கணக்கில் போகிறது. பிள்ளைகளின் மேற்படிப்புக்குச் சேமிப்பது போதாது என்பதை மனைவியும் நானும் அறிவோம், அதைத்தான் இனி யோசிக்க வேண்டும்.

தங்கை, சேமலாப நிதிக்கு அவர்களுடைய 8 சதவீதத்தோடு எங்கள் பங்கான 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தவறாமல் கட்டப்படுகின்றன. அப்பா காலத்திலிருந்தே அது உண்டு. சம்பளம் பண்டாரவளையிலுள்ள பேக்கரிகள் கொடுக்கும் அளவிலேயே இருக்கிறது, அதற்கு மேலில்லை. பத்து வருடத்தில் ஓர் இளைஞர் வீடு கட்டுவாரா என்ற கேள்விக்கு என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. கொப்பியைப் பற்றிச் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. பாக்கி இருந்தாலும் வேறு கடையில் வாங்குவதைப் பற்றி நான் எதுவும் நினைக்கமாட்டேன் என்று நானே சொல்வதால் அவர்களுடைய தயக்கம் போய்விடாதுதான்.

ஒன்றை மட்டும் விளக்க விரும்புகிறேன். ஐந்து மடங்கு விற்பனை வந்தால் இந்த நான்கு பேருக்கும் ஐந்து மடங்கு சம்பளம் வரப்போவதில்லை. விறகுப் போறணையில் வேலை செய்பவர் ஒரு தொழிலாளியாகவும் கைவினைஞராகவும் இருக்கிறார். விறகு எரிந்து தணலானதும் அதை வாரி வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, கொஞ்சம் மாவை உள்ளே வீசி அது கருகும் வேகத்தை வைத்துச் சூட்டை அறிய வேண்டும். ஹப்புத்தளைக் குளிரில், பனிமூட்டம் உள்ளே வரும் இரவுகளில், பிசைந்த மா எழும்ப எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை விரலால் தொட்டுச் சொல்ல வேண்டும். மின்சாரப் போறணையில் இந்த அறிவுக்கு இடமில்லை. பொத்தானை அழுத்தப் புதிதாக வருபவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைக்கலாம் என்று அந்த நிறுவனத்தின் பிரதிநிதியே எனக்கு ஆலோசனை சொன்னார். நான் மறுக்க நினைத்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

தங்கமலைக் காற்று

உங்கள் ஊரிலேயே இருக்கும் ஆதிஷத்தை யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பு. கொழும்பின் பெரிய வணிக நிறுவனமொன்றின் தலைவராக இருந்த சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை அது. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். தோட்டத்தில் விளையும் பழங்களில் ஜாமும் கோடியல் என்ற பழப்பாகும் செய்து அங்கேயுள்ள சிறிய விற்பனை நிலையத்தில் விற்கிறார்கள். வாங்க எவ்வளவு பேர் கேட்டாலும், மணிக்கு மணி பிரார்த்தனையும் வேலையும் என்ற அவர்களுடைய ஒழுங்கு வியாபாரத்துக்காக வளைவதில்லை. வாங்க வருபவர்கள் அவர்களுடைய நேரத்துக்குப் போகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வருகிறவருடன் மனதுக்குள் போராட வேண்டியதில்லை என்பதே நான் அங்கே கண்டது.

கணக்கேடு (ஹட்டன்)

துறவிகளுக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெண்ணுக்கு நகை செய்யும் செலவும் இல்லை, ஆகவே அந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது. ஆனால் எல்லையை முன்னதாக எழுதி வைப்பது நல்ல கணக்கு முறைதான். குடும்பச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, முதுமைக்கான சேமிப்பு, போறணைப் பழுது, வேலையாட்களின் சம்பள உயர்வு ஆகியவற்றை ஐந்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தொகைக்கு இன்றைய விற்பனை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும் வளர்ந்தால் போதும். அது ஐந்து மடங்காக இருக்காது. பத்தில் இரண்டு பங்கோ மூன்று பங்கோ கூடினால் போதுமானதாக இருக்கலாம். வளர்வதா வேண்டாமா என்று கேட்பதைவிட எதுவரை வளர்வது என்று கேட்டால் உங்கள் மச்சானும் உங்களுடன் உட்கார்ந்து பேசுவார்.

லயத்து மகள் (தலவாக்கலை)

அண்ணா நேர்மையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. கைவினை அறிவைப் பற்றி எழுதியது எனக்கு ஒரு புதிய பக்கத்தைக் காட்டியது. கொழுந்து பறிக்கும் எங்கள் தாய்மாரின் விரல்களுக்கும் அப்படி ஓர் அறிவு உண்டு. அதற்கு யாரும் விலை கொடுத்ததில்லை. ஆகவேதான் இன்னும் ஒன்று கேட்கிறேன். இத்தனை பேர் இங்கே பேசிவிட்டோம். அந்த நான்கு பேரிடமும் நீங்கள் கேட்டீர்களா? அவர்களுக்கு எது வேண்டும் என்பதை நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது.

போறணைக்காரன் (ஹப்புத்தளை)

கேட்டேன். ஞாயிறு பிற்பகல் ஓய்வை விட்டு எல்லோரும் இருந்து பேசினார்கள். கணக்குக் கொப்பியையும் அந்த நிறுவனத்தின் கடிதத்தையும் நடுவில் வைத்தோம்.

மூத்தவர்கள் இருவரும் இரவு முழுவதும் வேலை செய்யும் முறைக்குச் சம்மதிக்கவில்லை. ஒருவருடைய மனைவி தோட்டத்தில் விடியலில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிறார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவர் இவர்தான். கடையில் விற்பனையைப் பார்க்கும் பெண் பிள்ளை, எட்டு மணிக்கு மேல் தன்னால் பஸ்ஸில் போக முடியாது என்றார். நான்காமவர் இளைஞர். அவர் வெளிப்படையாகச் சொன்னார்: இந்தச் சம்பளத்தில் தான் நெடுநாள் இருக்கப்போவதில்லை, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகத்தான் நினைத்திருக்கிறார், விடுதிகளுக்குக் கேக் செய்யும் வேலை வந்தால் இங்கேயே நிற்பார். புறக்கோட்டைத் தம்பி எழுதியதை அவருடைய வாயிலிருந்தே கேட்டதுபோல இருந்தது.

பேசப்பேச ஒரு வழி தெரிந்தது. விறகுப் போறணையில் பாணுக்குப் பிறகு சூடு மெல்லமெல்ல இறங்கும். பணிஸ் அடுத்த சூட்டில் வேகும், ரஸ்க்கும் விஸ்கோத்தும் கடைசிச் சூட்டில் காயும். முற்பகலிலிருந்து பின்னேரம் வரை கேக்குக்கு ஏற்ற மிதமான சூடு எங்களிடம் வீணாகப் போகிறது. அதற்கு மேலதிக விறகும் தேவையில்லை. எல்லவிலுள்ள சில விடுதிகளுக்கு நாங்களே நேரடியாகப் பழக் கேக்கும் ரஸ்க்கும் கொடுத்தால், விநியோக நிறுவனமும் 60 நாள் காசோலையும் வேண்டியதில்லை. அந்தப் பகுதியை இளைஞர் தன் பொறுப்பில் நடத்தட்டும், இலாபத்தில் பாதி அவருக்கு என்று சொன்னேன். முட்டை, சீனி, தட்டு ஆகியவற்றுக்கான சிறு முதலை எங்கள் கையிருப்பிலிருந்தே போடலாம்.

விநியோக நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் அனுப்பியாயிற்று.

கணக்கேடு (ஹட்டன்)

நல்ல ஏற்பாடு. இலாபத்தில் பாதி என்றால் எதைக் கழித்த பிறகு இலாபம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மா, முட்டை, பொதி, எல்லவுக்குக் கொண்டுபோகும் ஓட்டோச் செலவு கழியும். விறகும் கட்டடமும் கழியக் கூடாது, அவை எப்படியும் பாணுக்காக ஆகும் செலவு. அவருடைய மாதச் சம்பளமும் அதற்கான சேமலாப நிதியும் இந்தப் பங்குக்கு அப்பாற்பட்டவை என்றும் தெளிவாக இருக்கட்டும். விடுதிகளிடம் வாராவாரம் பணம் வாங்குங்கள். சுற்றுலாப் பருவம் இல்லாத மாதங்களில் விற்பனை குறையும். அதற்காக முதல் ஆண்டில் எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம்.

புறக்கோட்டை வாசி

அந்த இளைஞருக்காக மகிழ்கிறேன், ஆனால் ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் அண்ணாவின் நல்ல மனதின்மேல் நிற்கிறது. நாளை கடை வேறொருவரின் கைக்குப் போனால் அவருடைய பங்கு என்னவாகும்? வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். மற்ற மூவருக்கும் என்ன கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

போறணைக்காரன் (ஹப்புத்தளை)

தம்பி சொன்னது சரி. பண்டாரவளையில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுதிக்கொள்ள நாளும் குறித்துவிட்டோம். மற்ற மூவருக்கும் ஐயா சொன்ன ஐந்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு ஆண்டும் சம்பளத்தை விலைவாசிக்குக் குறையாமல் உயர்த்துவதற்கு, கேக்கில் வரும் எங்கள் பாதி ஏறக்குறைய முழுவதும் தேவைப்படுகிறது. அதை அப்படியே அதற்கு ஒதுக்குவது என்று மனைவியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு மனைவி ஒரு சேமிப்புச் சீட்டில் சேர்ந்திருக்கிறார், அது போதாமல் போகலாம். பெரியவள் பதுளையிலேயே படிக்கக்கூடிய கல்லூரிகளைப் பார்க்கிறாள்.

மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை. மறுப்புக் கடிதம் போனது தெரிந்ததிலிருந்து அவர் கடைப் பக்கம் வரவில்லை. கணக்கைக் கொண்டுபோய் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காட்டப்போகிறேன். தங்கை, கொப்பியைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. பத்தாம் திகதிக்கு முன்பு பாண் இல்லாமல் ஒரு வீடும் இருக்கக் கூடாது. அந்தப் பாக்கி அவர்களைக் கட்டியும் வைக்கக் கூடாது. உங்கள் தோட்டப் பக்கம் இதை வேறு விதமாகச் செய்கிற கடைகள் இருந்தால் எழுதுங்கள்.